பின்னட்டையில் ஒட்டிய கடதாசி

சாப்பாட்டு மேசையில் இரண்டு நாளாக கல்வெட்டு என்னும் நினைவுப் புத்தகம் ஒன்றின் அச்சுப்பிரதி கிடக்கிறது. இங்கே ரொறன்ரோவில் போன மாதம் காலமான ஒருவருடையது. வரும் சனிக்கிழமை முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. முன்னட்டையில் அவருடைய படம், உள்ளே வாழ்க்கை வரலாறு, தேவாரம், மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. பின்னட்டை மட்டும் வெறுமை. அதை நிரப்பத்தான் எனக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

வீடு விற்றுக் கொடுக்கும் முகவர் ஒருவர் என்னுடைய பழைய வாடிக்கையாளர். நல்ல பிள்ளை, கெட்ட எண்ணம் இல்லாதவர். "அக்கா, அந்த ஐயா என்னட்டைத்தான் வீடு வாங்கினவர். பிள்ளையள் ஓம் எண்டிட்டினம். அனுதாபம் மாதிரியும் இருக்க வேணும், விளம்பரம் மாதிரியும் இருக்க வேணும். உங்களுக்கு உது அஞ்சு நிமிச வேலை" என்றார். ஐந்து நிமிட வேலைதான், பொய் சொல்லக் கூடாது. முப்பது வருடமாக விளம்பர வரி எழுதுவதைத்தான் செய்கிறேன். ஆனால் பேனாவை எடுத்தால் உன்னுடைய முகம் வந்து நிற்கிறது. அதனால் அந்த வரியை விட்டுவிட்டு உனக்கு எழுதுகிறேன்.

நீ இணுவிலுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? குருநகரில் ஷெல் விழத் தொடங்கி, உன் அம்மாவையும் ஒரு துணிப்பையையும் மாதா படத்தையும் கொண்டு என் பெரியம்மா வீட்டுப் பின்னறைக்கு வந்தாய். அப்போது இருவருக்கும் இருபத்தெட்டு வயது. இருவருக்கும் வேலை போயிருந்தது. நான் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு கம்பனிக் கிளையில் விற்பனைப் பிரிவின் தட்டெழுத்தாளர். சண்டை தொடங்க அந்தக் கிளையைப் பூட்டிவிட்டார்கள். நீ ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக இருந்தவள். அவரும் கொழும்புக்குப் போய்விட்டார். அறிமுகமான முதல் நாளே நான் சிரிக்கும்போது குனிந்து பார்த்து, "பின்னாலை ரெண்டு சொத்தை கிடக்கு, தெரியுமோ?" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. அடுத்த நாள் நீ தந்த கராம்பைக் கடித்தபோது கோபம் போய்விட்டது.

பற்பசை வராத காலம். சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் வராத காலத்தில் பற்பசையை யார் தேடுவார்கள் என்று நான் கேட்டேன். "பல் நோகேக்கை தேடுவினம்" என்றாய். அப்படித்தான் நம் பற்பொடி தொடங்கியது. மில்லில் உமி வாங்கிக் கருக்கி, உரலில் இடித்து, உப்பும் படிகாரமும் கராம்பும் சேர்த்து, பழைய சேலையில் மூன்று தடவை அரிப்பாய். ஞாயிறு பூசைக்குப் போகும்போதுகூட உன் நகக்கண்ணில் கரி இருக்கும். செய்வது நீ, விற்பது நான். பெயர் வைத்ததும் நான்தான். இன்றைக்கு அந்தப் பெயரைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, விட்டுவிடு.

கம்பனியில் கொழும்பிலிருந்து வரும் சுற்றறிக்கைகளை ஏழு வருடம் தட்டெழுத்தில் அடித்தவள் நான். அதில் ஒரு வரி எனக்கு வேதம் மாதிரி: வாடிக்கையாளரின் கண் படும் இடமெல்லாம் நம் பெயர் இருக்க வேண்டும். அதை உன்னிடம் சொன்னபோது இடித்துக்கொண்டே, "கண் படுற இடமெல்லாம் கடை இல்லையடி" என்றாய். உனக்கு வியாபாரம் தெரியாது என்று எனக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அந்தக் கராம்புச் சண்டையையும் சொல்ல வேண்டும். ஒருமுறை தெற்கிலிருந்து கராம்பு வரவில்லை. பொடியில் மணம் இல்லை. யாருக்கும் சொல்லத் தேவையில்லை, கரியும் உப்பும் போதும் என்றேன். நீ ஒவ்வொரு பைக்குள்ளும் உன் கோணல் எழுத்தில் துண்டு வைத்தாய்: "இந்த முறை கராம்பு இல்லை. நோவுக்கு உதவாது." பாதிப் பைகள் திரும்பி வந்தன. இரண்டு நாள் உன்னோடு கதைக்கவில்லை. கராம்பு வந்த மாதம், சண்டிலிப்பாயிலிருந்து ஒரு கமக்காரர் சைக்கிளில் வந்து, "துண்டு வைச்ச பிள்ளை ஆர்?" என்று கேட்டு, தன் ஊருக்கென்று ஒரு சாக்கு நிறைய வாங்கிப் போனார். அதைப் பார்த்தும் நான் திருந்தவில்லை. ஒரு ஊர் போதுமா, வலிகாமம் முழுவதும் போக வேண்டாமா என்பதுதான் என் ஏக்கம்.

போவதற்கு வழி இல்லை. பத்திரிகையே கொப்பிக் கடதாசியில் அச்சாகி வந்தது. சுவரொட்டிக்குக் கடதாசி இல்லை. அப்போதுதான் பக்கத்து ஒழுங்கை மாஸ்ரர் இறந்தார். ஊர் முழுவதும் அவரிடம் கணக்குப் படித்தது. செத்தவீட்டிலிருந்து திரும்பும்போது, முப்பத்தோராம் நாளைக்குக் கல்வெட்டு அடிக்கக் கடதாசி கிடைக்கவில்லை என்று அவருடைய மகள் அழுதாள் என்றேன். உங்கள் ஆட்களிடம் அந்த வழக்கம் இல்லை. "கல்லிலை வெட்டுறதோ?" என்று கேட்டாய். இல்லை, செத்தவரின் வரலாறும் புலம்பல் பாட்டும் சேர்த்து அடிக்கிற சின்னப் புத்தகம், அந்தியேட்டிக்கு வருகிற எல்லோருக்கும் கொடுப்பார்கள், சுவாமிப் படத்தட்டில் வைப்பார்கள், ஒருவரும் எறிய மாட்டார்கள் என்று விளக்கினேன். சொல்லிக்கொண்டு வரும்போதே என் மூளையில் மணி அடித்தது. ஒருவரும் எறியாத கடதாசி!

அடுத்த நாள் உனக்குச் சொல்லாமல் மாஸ்ரர் வீட்டுக்குப் போனேன். பை ஒட்டுவதற்கென்று நாம் சேர்த்து வைத்திருந்த மண்ணிறக் கடதாசிக் கட்டில் முக்கால்வாசியைத் தருகிறேன், கடைசிப் பக்கத்தை மட்டும் எங்களுக்குத் தாருங்கள் என்றேன். மகள் என் கையைப் பிடித்துக் கும்பிட்டாள். உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும், முழுக் கள்ளியாக நான் போகவில்லை. வரியை எழுதும்போது மாஸ்ரரின் சிரிப்பு நினைவு வந்தது. பல் வெள்ளை வெளேரென்று இருக்கும் மனுஷன். எழுதினேன்: "மாஸ்ரரின் சிரிப்பை மறக்க முடியுமா? அதே வெண்மை உங்களுக்கும்!" கீழே நம் பற்பொடியின் பெயர். அச்சகத்துக்காரர் வாசித்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். மெச்சுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தியேட்டியன்று நீயும் வந்தாய். சாப்பாடு முடிந்து, பெண்கள் உள்ளே மாஸ்ரரின் மனைவியைச் சுற்றி இருந்தோம். மகள் முதல் புத்தகத்தைத் தாயின் கையில் கொடுத்தாள். அவர் படத்தைத் தடவினார். பிறகு மெல்ல மெல்லப் புரட்டிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். வாசித்தார். என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, இவர் உங்கடை பற்பொடி பாவிச்சவரே?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"கடைசி வரைக்கும் வேப்பங்குச்சிதானே, பிள்ளை. நான்தானே காலமை காலமை முறிச்சுக் குடுக்கிறனான்."

கோபமாகச் சொல்லவில்லை. பிழையைத் திருத்துவது போலச் சொன்னார். அதன் பிறகு அந்தத் தாளை மெதுவாக, கோணாமல், தையலை ஒட்டிக் கிழித்தார். கடதாசித் தட்டுப்பாட்டில் இரண்டு பக்கமும் அடித்திருந்தோம். என் விளம்பரத்தின் மறுபக்கத்தில் இருந்தது மனைவி புலம்பல். என்னுடையதை எடுக்க வேண்டுமென்றால் அவருடைய அழுகையும் போகத்தான் வேண்டும். அந்தத் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். நீ அதைப் பார்த்தாய். என்னைப் பார்க்கவில்லை.

நூற்றுச் சொச்சம் புத்தகங்கள் அதற்குள் ஊருக்குள் போய்விட்டன. பெரியம்மா வீட்டுக்கு வந்ததும் நீ ஏசுவாய் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். நீ மீதிக் கடதாசிக் கட்டை எடுத்து, புத்தக அளவுக்குத் துண்டு துண்டாக வெட்டத் தொடங்கினாய். ஒரு சிரட்டையில் சோற்றுப் பசை குழைத்தாய். சைக்கிளை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று கேட்டாய்:

"வீடு வீடாப் போய் அந்த வரிக்கு மேலை ஒட்டிப்போட்டு வருவம். நீ வாறியோ?"

"எனக்கு வேலை கிடக்கு" என்றேன்.

என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை. என்னால் கடதாசி முடிந்துபோனது, பை ஒட்டவும் வழியில்லை. ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நின்று, நான்தான் எழுதினேன் என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. அதுதான் உண்மை. நீ அதைத் தெரிந்துகொண்டுதான் இரண்டாம் தடவை கேட்காமல் போனாய்.

எட்டு நாள் போனாய். ஊருக்கு வந்தேறியவள், வேதக்காரப் பெண், முன்பின் தெரியாத சைவ வீடுகளில் சுவாமித் தட்டில் இருக்கிற புத்தகத்தைக் கேட்டு வாங்கி, பின்பக்கத்தில் கடதாசி ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தாய். கடைசியாக எங்கள் வீட்டுக்கும் வந்தாய். நான் அறைக்குள் கதவுக்குப் பின்னால் நின்றேன். அம்மா உனக்குப் பனங்கட்டியோடு தேத்தண்ணி தந்து, "வந்ததுதான் வந்தாய், ரெண்டு பை பற்பொடி தந்திட்டுப் போ மோனை" என்றார். நீ சொன்னது கதவு வழியாகக் கேட்டது.

"இண்டைக்கு நான் விக்க வரேல்லை, அன்ரி. நாளைக்குக் கொண்டு வாறன்."

எல்லா வீட்டிலும் இதையே சொல்லியிருக்கிறாய். பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. எந்த வீட்டில் பல் விழுந்த கிழவர் இருக்கிறார், எந்த வீட்டுப் பிள்ளைக்குப் பல் முரசில் இரத்தம் வருகிறது, எந்த வீட்டில் உப்பே இல்லை என்றெல்லாம் அந்த எட்டு நாளில் உனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த மாதம் முரசுக்கென்று வேறொரு பொடி இடித்தாய். நான் ஏழு வருடம் தட்டெழுத்தில் அடித்தும் படிக்காததை நீ சோற்றுப் பசையோடு படித்துவிட்டாய்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நீயும் அந்தக் கதையை எடுக்கவில்லை. தொழில் நடந்தது, நன்றாகவே நடந்தது. ஆனால் என் பல்லைப் பார்த்துப் பகிடி பண்ணுவதை நிறுத்திவிட்டாய். இருந்த நாலு வருடமும் எனக்கு அது உறுத்தியது. எத்தனையோ தடவை வாய் வரை வந்தது. நாளைக்குச் சொல்லலாம், ஆள் எங்கே ஓடிப்போகப் போகிறாள் என்று விட்டேன்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் ஓடினோம். நாவற்குழி றோட்டில், மழையில், அத்தனை சனத்துக்குள்ளும் உன்னைக் கண்டேன். சைக்கிளில் உன் அம்மாவை இருத்தித் தள்ளிக்கொண்டு வந்தாய். "உன்ரை அம்மா எங்கை? நடக்கிறாவே?" என்று கேட்டாய். பையைத் துழாவி ஒரு பொட்டலம் எடுத்து என் கையில் வைத்து, "கராம்பு போட்டது. பின்பல்லுக்கு வை" என்றாய். நாலு வருடத்துக்குப் பிறகு என் சொத்தைப் பல்லைப் பற்றிக் கதைத்தாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பின்னால் சனம் தள்ளியது. "பிறகு கதைப்பம்" என்றேன்.

பிறகு இல்லை. கொடிகாமப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்து, காய்ச்சல் கண்டு, ஆறாம் நாள் நீ போய்விட்டாய். எனக்குச் செய்தி வரும்போது அடக்கம் முடிந்து பத்து நாள். அந்த நேரம் அச்சகமும் இல்லை, கடதாசியும் இல்லை. உங்கள் ஆட்கள் படத்தோடு கொடுக்கும் செப அட்டைகூட உனக்கு அடிக்கவில்லை. ஊரெல்லாம் மாஸ்ரரின் கல்வெட்டைக் காப்பாற்றிக் கொடுத்தவளுக்கு ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

நான் கொழும்பு போய், பிறகு இங்கே வந்து, இதே தொழிலில் வளர்ந்தேன். என்னிடம் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம், வரி எழுதும் முன் ஒன்றுதான் கேட்பேன்: இது யாருடைய வீட்டுக்குள் போகப்போகிறது, அங்கே இப்போது என்ன நடக்கிறது? ஏதோ பெரிய படிப்பில் கற்றது என்று நினைக்கிறார்கள். மாஸ்ரரின் கல்வெட்டை அம்மா ஓடும்போது காணி உறுதிகளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தார். அது இப்போது என் அலுமாரியில். நீ ஒட்டிய மண்ணிறத் துண்டு இன்னும் மூலை பிரியாமல் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே என் எழுத்து தெரியும்.

இன்று காலை முகவருக்குப் போன் எடுத்து, நான் எழுத மாட்டேன், பின்னட்டையை வெறுமையாக விடுங்கள் என்றேன். "ஏனக்கா, பிள்ளையள் ஓம் எண்டவை தானே" என்றார். மனைவியைக் கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லையாம். அந்த அம்மாவின் வீடு இங்கிருந்து இரண்டு பஸ் தூரம். போய், அச்சுப்பிரதியை அவர் கையில் கொடுத்து, கடைசிப் பக்கத்துக்கு அவருக்கு என்ன விருப்பம் என்று கேட்கப் போகிறேன். கதவைத் திறந்து என்ன விசயம் என்று அவர் கேட்டால் சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும். எட்டு நாள் நீ வீடு வீடாகச் சொன்னதுதான்.

குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு, அச்சுப்பிரதியைப் பையில் வைத்து, கதவைத் திறந்தேன். வாசலில் நீ சைக்கிளோடு நிற்பது போலவே இருந்தது. வீட்டில் ஒருவரும் இல்லை. இருந்தாலும் சத்தமாகவே சொன்னேன்:

"ஓம், வாறன்."