சில்லுக்குப் போட்ட முதிரைக் கட்டை

மச்சான்,

நேற்று மாரியின் முதல் மழை விழுந்தது. கதவு காற்றில் அடிபடாமல் இருக்க நாங்கள் போட்டு வைத்திருக்கும் முதிரை மரக் கட்டை தூவானத்தில் நனைந்துவிட்டது. நனைந்தால் போதும், சுறா எண்ணெய் மணக்கத் தொடங்கிவிடும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் மணக்கிறது. வீட்டுக்கு வந்திருந்த என் தங்கையின் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மாமா, உந்த நாத்தத்தைத் தூக்கி அடுப்புக்க வைச்சா என்ன?" என்று கேட்டாள். எனக்கு வந்ததே ஒரு கோபம்! ஒரு கட்டைக்காக மருமகளோடு சண்டை பிடித்த மனிதன் இந்த இரணைமடுப் பக்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு குசினிக்குள் போன பிறகு, கதவடியில் குந்தியிருந்து அதை மணந்து பார்த்தேன். அப்படியே உன் சட்டை மணம்.

நீ முல்லைத்தீவுக் கரையை விட்டு எங்கள் வளவுக்கு வந்தது, கடலுக்குப் போக வழியில்லாமல் போன காலத்தில். படகு எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டிப் பிழைத்தவன் நீ. மனைவி றீற்றாவையும், ஒரு பெட்டி நட்டுக் கழற்றும் சாவிகளையும், ஒரு கட்டு வலையையும், கலன் நிறையச் சுறா எண்ணெயையும் கொண்டுவந்து இறக்கினாய். "இஞ்ச வாய்க்காலில கெளுத்திதான் ஓடுது, உனக்கு உவ்வளவு வலை ஏன்?" என்று கேட்டேன். "வலை கிட்டக் கிடந்தாத்தான் எனக்கு நித்திரை வரும்" என்றாய். அப்பா குடியேற்றத் திட்டத்தில் காடு வெட்டி எடுத்த காணி அது. அதில் உனக்கு ஒரு கொட்டில் போடக் கம்பு வெட்டப் போன அன்றே நாங்கள் ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிடத் தொடங்கிவிட்டோம்.

உன்னிடம் எனக்குப் பிடிக்காத ஒன்று அந்தச் சுறா எண்ணெய்ப் பைத்தியம். வள்ளத்துப் பலகைக்குப் பூசுகிற எண்ணெய்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீ கதவுப் பிணைச்சலுக்கும் அதையே விட்டாய், என் சைக்கிள் செயினுக்கும் அதையே விட்டாய். ஊர்ப் பூனைகளெல்லாம் என் சைக்கிளுக்குப் பின்னால் வந்தன. "துருவுக்கு இதைவிட்டா வேற மருந்தில்லை" என்று நீ சாதித்தாய்.

அந்த லொறியைக் கண்டுபிடித்தவனும் நீதான். பூட்டிக் கிடந்த நெல் ஆலையின் பின்பக்கம், வெள்ளைக்காரன் காலத்து நீள மூக்கு லொறி ஒன்று கிடந்தது. பெட்டிக்குள்ளால் ஒரு வேம்பு முளைத்து வளர்ந்திருந்தது. ஆலைக்காரர் கொழும்புக்குப் போகும்போது, "இழுக்க ஏலுமெண்டா இழுத்துக்கொண்டு போங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். நீ அதன் மூக்கைத் தடவி, "சாகேல்லை மச்சான், நித்திரை" என்றாய். மூக்கன் என்று பேர் வைத்ததும் நீ.

விளையாட்டாகத்தான் தொடங்கினோம். என் மனைவி பவளத்தின் கால் முறிந்த பிறகு அது விளையாட்டாக இருக்கவில்லை. ஷெல் அடிக்குப் பயந்து அவள் பங்கருக்குள் இறங்கிய ஒரு மத்தியானம், மேலே அடுக்கியிருந்த பனங்குற்றி சரிந்து அவள் தொடையில் விழுந்தது. எலும்பு இரண்டாகிப் போனது. வைத்தியர் காலுக்குப் பாரம் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார். பிறகு ஆசுப்பத்திரியையே இடம் மாற்ற வேண்டி வந்ததால், பலகை வைத்துக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார். என்னைத் தனியே கூப்பிட்டு, "எலும்பு பொருந்துற நேரம். குலுங்கினா கால் போயிடும், உயிருக்கும் உறுதியில்லை. வண்டிலில மட்டும் ஏத்திப்போடாதேங்கோ" என்றார். ஊரோ ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. ஆனையிறவுப் பக்கமிருந்து வரும் வெடிச்சத்தம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிட்ட வந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது, விட்டுவிட்டும் ஓட முடியாது.

அன்றைக்கே நீ கோடரியை எடுத்துக்கொண்டு போய் அந்த வேம்பைத் தறித்தாய்.

எப்படித்தான் அதை எழுப்பினாய் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். இறுகிப்போன எஞ்சினுக்குள் மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவிட்டு, தினமும் போய்ப் பிடித்து ஆட்டிப் பார்த்தாய். ஒருநாள் அது அசைந்ததும், "மாதாவே!" என்று நீ போட்ட சத்தத்தில் ஷெல் என்று நினைத்து நான் நிலத்தில் படுத்தேன். கைவிட்ட றெயிலர்களில் இருந்து ரயர் கழற்றினோம். பெட்டியைப் பனம்பலகையால் நீ கட்டியது அச்சாக வள்ளம் கட்டுகிற மாதிரி, இடுக்கெல்லாம் பஞ்சு அடைத்து. டீசல் எங்கே? மண்ணெண்ணெய்க்குள் தேங்காய் எண்ணெயைக் கலந்து ஊற்றினோம். புகை வடை சுடுகிற மணம் மணத்தது. முன் கண்ணாடியில் நான் திருநீற்றுக் குறி இழுத்தேன், நீ ஸ்ரேறிங்கில் செபமாலையைக் கொழுவினாய்.

பற்றரி மட்டும் கிடைக்கவேயில்லை. அதனால் மூக்கனை எப்போதும் வாய்க்கால் கட்டின் சரிவில், கீழே பார்த்தபடி நிறுத்துவோம். சில்லுக்கு முன்னால் கயிறு கட்டிய இந்த முதிரைக் கட்டை. நான் கயிற்றை இழுத்துக் கட்டையை எடுத்தால் அது உருளும், நீ கியரைப் போட எஞ்சின் பிடிக்கும். சமதரையில் நின்றுபோனால் கதை முடிந்தது. கட்டையைக் கறையான் அரிக்கக்கூடாது என்று அதற்கும் உன் எண்ணெயைப் பருகப் பருகப் பூசினாய்.

அந்தக் காலையில் சத்தம் எங்கள் பின்வளவுக்கே வந்துவிட்டது. றீற்றா பாத்திரங்களைச் சாக்கில் கட்டினா. நீ பெட்டியின் நான்கு மூலைக்கும் உன் வலையை இழுத்துக் கட்டித் தொட்டில் மாதிரி ஓர் ஏணை செய்தாய். பவளத்தைப் பாயோடு தூக்கி அதில் கிடத்தினோம். பலகை குலுங்கினாலும் அவள் குலுங்கவில்லை. நீ அந்த வலையைச் சுமந்துகொண்டு வந்ததை நான் பகிடி பண்ணியதெல்லாம் அப்போது என் வாய்க்குள்ளேயே திரும்பிப் போனது.

நான் கயிற்றை இழுத்தேன். கட்டை வந்தது, மூக்கன் அசையவில்லை.

"தள்ளு!" என்றாய். தள்ளினேன். றீற்றாவும் தள்ளினா. நான்கு சில்லும் நிலத்தில் நட்டதுபோல நின்றன. நீ இறங்கிச் சில்லடியில் குனிந்தாய். சில்லைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாய்.

"பிறேக் பிடிச்சுக்கொண்டு நிக்குது."

"ஏன்?"

நீ கையைச் சாரத்தில் துடைத்தாய். எனக்குச் சந்தேகம் தட்டியது. "எடேய், நேத்துப் பிறேக்குக்கு என்ன விட்டனீ? ஆமணக்கெண்ணெயெல்லோ கலந்து விடச் சொன்னவங்கள்?"

"ஆமணக்கெண்ணெய் கிடைக்கேல்லை மச்சான்."

"அதுக்கு?"

"உள்ள துருப்பிடிக்காமல் இருக்கட்டுமெண்டு..."

அவ்வளவுதான். உன் சுறா எண்ணெயில் உள்ளே இருந்த றப்பரெல்லாம் ஓர் இரவில் ஊதி இறுகிவிட்டது. கடற்கரையில் பிறந்த ஒருவனைத் தவிர வேறு எவனுக்கும் அந்த யோசனை வந்திருக்காது. உன்னைக் கொன்றுபோடலாம் போலிருந்தது. "என்ரை மனிசியைக் கொல்லவே இதைச் செய்தனீ?" என்று கத்தினேன். அடுத்த ஷெல் ஆலைக் கூரையில் விழுந்து ஓடுகள் பறந்தன. மேலே வலைக்குள்ளிருந்து பவளம், "இஞ்சேருங்கோ, அண்ணையை ஏசாதேங்கோ. என்னை இறக்கி வைச்சிட்டு நீங்கள் போங்கோ" என்றாள். அவள் அழாமல் சொன்னதுதான் என்னை உடைத்தது.

நீ சாவியோடு லொறிக்குக் கீழே ஊர்ந்தாய். ஒவ்வொரு சில்லின் பிறேக் நட்டையும் தளர்த்த, மஞ்சள் எண்ணெய் உன் முகத்தில் பீச்சியது. கடைசிச் சில்லின் பிடி விட்டதும் மூக்கன் முனகியது. நான் பாய்ந்து கட்டையைப் போட்டேன்.

"இப்ப பிறேக்கே இல்லையேடா. றோட்டு முழுக்கச் சனம். எப்பிடி நிப்பாட்டுவாய்?"

நீ முகத்தைத் துடைத்தபடி என்னைப் பார்த்தாய். "கடலில எந்த வள்ளத்துக்கு மச்சான் பிறேக் இருக்கு? பளையில இருந்து ஓமந்தை மட்டுக்கும் றோட்டுப் பலகை மாதிரிக் கிடக்கு. நான் மெல்லமாப் போறன். நீ கட்டையோட பக்கத்தில வா. போடு எண்டு சொன்னாப் போடு. நீதான் நங்கூரம்."

அக்கராயன் வீதி அன்று வீதியாக இருக்கவில்லை. சைக்கிள், ஆடு, மாடு, கதிரை சுமந்தவர்கள், தலையில் தகரம் வைத்தவர்கள், கைப்பிள்ளைக்காரிகள். நடுவில் பிறேக் இல்லாத ஒரு லொறி, அதன் பின்சில்லோடு கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடும் நான். "போடு!" என்பாய். போடுவேன். நீ கிளச்சை மிதிக்க, மூக்கன் கட்டையில் முட்டி நிற்கும், எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். முன்னால் வழி விட்டதும் "எடு!" என்பாய். றீற்றா மேலே நின்று, "விலத்துங்கோ, விலத்துங்கோ, பிறேக் இல்லை!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்தா. ஒரு பெரியவர், "பிறேக் இல்லாததை ஏன் தம்பி றோட்டுக்குக் கொண்டந்தனீங்கள்?" என்று நின்று விசாரித்தார். என் வாயில் வந்ததை நான் இங்கே எழுத மாட்டேன்.

வன்னியில் இறக்கமில்லை என்ற உன் கணக்கு மதகடியில் பிழையாகிப் போனது. ஆறு குறுக்கே போகும் இடத்தில் வீதி கொஞ்சம் தாழும். கொஞ்சம்தான், சைக்கிளில் போனால் சுகமான இறக்கம். கீழே மதகின் மேல் அச்சு முறிந்த மாட்டு வண்டில் ஒன்று குறுக்கே கிடந்தது. அதற்குள் பிள்ளைகள் இருந்தார்கள்.

"போடு!"

போட்டேன். சில்லு கட்டையின் விளிம்பில் ஏறி அதை ஒரு பக்கமாக எத்திவிட்டது. மூக்கன் வேகம் பிடித்தது. நீ பக்கவாட்டில் ஆற்றுக்குள் வெட்டியிருக்கலாம், வண்டில் தப்பியிருக்கும். ஆனால் பின்னால் வலைக்குள் பவளம். நீ வெட்டவில்லை. தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தாய். மச்சான், அந்தப் பார்வையில் கட்டளை இல்லை, கெஞ்சலும் இல்லை. நான் போடுவேன் என்று உனக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது தெரியாது.

கட்டையைப் பொறுக்கிக்கொண்டு எப்படி அந்தச் சில்லை முந்தினேன் என்று நினைவில்லை. இந்த முறை எறியவில்லை. குனிந்து, கையால் பிடித்து, சில்லுக்கு நேரே வைத்து அழுத்தினேன். என் இடக்கைச் சின்னவிரலின் நுனி அங்கேதான் போனது. மூக்கன் ஒருமுறை ஏறப் பார்த்தது, பிறகு பின்னுக்கு விழுந்து நின்றது. வண்டில் மாடுகள் கையெட்டும் தூரத்தில் நின்று எங்களை ஒரு பொருட்டாகவே எடுக்காமல் அசை போட்டன.

"வந்திட்டமே?" என்று பவளம் உள்ளேயிருந்து கேட்டாள்.

நீ இறங்கி வந்தாய். கட்டைக்குப் பக்கத்தில் வீதியிலேயே குந்தினாய். என் கையைப் பிடித்து உன் சாரத்தைக் கிழித்துச் சுற்றினாய். பிறகு, "இனிமேல் ஆமணக்கெண்ணெய்தான்" என்றாய். இரத்தம் ஒழுக ஒழுக நான் சிரித்தேன். வண்டிலில் இருந்த பிள்ளைகளையும் தாயையும் மூக்கனில் ஏற்றி, வண்டிலை ஓரம் தள்ளிவிட்டுப் போனோம்.

மல்லாவிக் காட்டோரம் நாங்கள் இறங்கிய இடம் மட்டமான தரை. எண்ணெயும் முடிந்திருந்தது. மூக்கன் அங்கே நின்றது நின்றதுதான். கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கழற்றினோம். பனம்பலகை இரண்டு வீட்டுக்கும் கதவானது, சாரதிக் கூட்டின் தகரம் றீற்றாவின் குசினிக்குக் கூரையானது. கடைசியில் மூக்கு மட்டும் மிச்சமாகக் கிடந்தது, அதற்குள் கோழி அடை கிடந்தது. பவளம் கம்பு ஊன்றி நடக்கத் தொடங்கினாள், பிறகு கம்பில்லாமல் நடந்தாள். அவள் கிணற்றடிக்குத் தனியே போய்வந்த அன்று நீ என்னைக் கண்டும் காணாததுபோல மற்றப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாய். நான் கண்டேன்.

அடுத்த மாரியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. வன்னியில் எல்லோருக்கும் வந்த மலேரியாதான். உனக்கு அது மூளைக்கு ஏறியது. பள்ளிக்கூடக் கட்டடத்தில் நடந்த ஆசுப்பத்திரிக்கு உன்னைச் சைக்கிளில் இருத்தி, ஒரு பக்கம் நானும் மற்றப் பக்கம் றீற்றாவும் பிடித்துக்கொண்டு போனோம். தேவையான மருந்து தடையால் வவுனியாவுக்கு இந்தப் பக்கம் வரவில்லை என்றார்கள். எனக்கு யாரை ஏசுவது என்று தெரியவில்லை, எல்லோரையும் ஏசினேன்.

நீ கண்ணை மூடியபடி கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாய். கால் எதையோ மிதித்தது. "உருளுது மச்சான், சனம் நிக்குது, போடு!" என்று கத்தினாய். "நான் இஞ்சதான் நிக்கிறன்ரா" என்றேன். கேட்கவில்லை. "போடு! போடு!" என்று மறுபடியும் கத்தினாய். றீற்றா உன் நெற்றியில் சிலுவை போட்டுப் போட்டு அழுதா.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். கட்டையைக் கரியரில் கட்டிக்கொண்டு வந்தேன். "என்னது இது, ஆசுப்பத்திரிக்குள்ள?" என்று தாதி மறித்தா. விலத்திக்கொண்டு போய், உன் கட்டில் காலுக்கு முன்னால் அதை நிலத்தில் சத்தம் கேட்கப் போட்டேன். சுறா எண்ணெய் மணம் எழும்பியது. உன் மூக்கு அசைந்தது.

"போட்டிட்டன் மச்சான்."

உன் கால் மிதிப்பதை விட்டது. கை கட்டில் சட்டத்தை விட்டது.

"நிண்டிட்டுதோ?"

"நிண்டிட்டுது."

"சனம்?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை."

நீ அதற்குப் பிறகு கதைக்கவில்லை. அடுத்த நாள் விடிய, அமைதியாகத்தான் போனாய். உன்னை ஆற்ற என்னிடம் ஒரு மருந்தும் இருக்கவில்லை, ஒரு மரக்கட்டைதான் இருந்தது. அதை நினைத்து எத்தனையோ நாள் எரிச்சல்பட்டிருக்கிறேன். இப்போது எரிச்சலில்லை. துக்கம் மட்டும்தான்.

திரும்பி எங்கள் வளவுக்கு வந்தபோது கட்டையையும் கொண்டுவந்தேன். இன்றுவரை கறையான் அதைத் தொடவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நீ சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். பொழுதுபட்டால் கதவைச் சாத்திக் கட்டையை இழுத்துப் போடுவது என் வேலை. பவளம் உள்ளேயிருந்து, "போட்டிட்டியளோ?" என்று தினமும் கேட்பாள். அவள் நிற்பது எனக்குக் கிட்டத்தான், மெல்லச் சொன்னாலும் கேட்கும்.

"போட்டிட்டன்" என்று நான் கொஞ்சம் பலமாகவே சொல்கிறேன்.