பழத்துக்கு எத்தனை கொட்டை

ஏனுங்க,

காலையிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நாகலூர் எஸ்டேட்டில் பழம் உரிக்கிற பல்பர் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. உரித்த காப்பித் தோலின் புளித்த வாடை வீடு முழுக்க நிற்கிறது. கதவைச் சாத்தினேன், திறந்தேன், கூட்டிய வாசலையே மறுபடியும் கூட்டினேன். பல்பரில் பழம் உரித்துவிட்டு இந்த வாடையோடுதான் தினமும் வருவீர்கள். குளிக்கச் சொன்னால், "இரு புள்ள, பாப்பா காத்துக்கிட்டிருக்குது" என்று அப்படியே செல்வி பக்கத்தில் உட்கார்ந்துவிடுவீர்கள்.

நம் மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. நீங்கள் மூன்றாவது வரை படித்தவர், நான் ஐந்தாவது. இரண்டு வகுப்பு கூடப் படித்த திமிரில் அவளை அதட்டுவது என் வேலை. உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது உங்கள் வேலை. சட்டைப் பையில் ஒரு கை காப்பிப் பழம் கொண்டுவந்து தரையில் போடுவீர்கள். எண்ணி முடித்தால் பிதுக்கிச் சப்பலாம். சப்பிய கொட்டைகளையும் அவள் வரிசையாக அடுக்கி எண்ணுவாள். ஏதாவது ஒரு பழத்தில் இரண்டுக்குப் பதில் ஒற்றைக் கொட்டை வந்துவிட்டால் உங்கள் இருவருக்கும் கொண்டாட்டம்தான். நான் அடுப்படியிலிருந்து, "வாய்ப்பாடு சொல்லிக் குடுங்கன்னா வெளையாடிக்கிட்டிருக்கறீங்க" என்று கத்துவேன்.

அரைப் பரீட்சை முடிந்ததும் டீச்சர் என்னை வழியில் நிறுத்தினார். "கூட்டலே வரலீங்க. ரெண்டும் ஒண்ணும் எத்தனைன்னா ஆறுங்கறா. இன்னொரு வருசம் ஒண்ணாவதுலயே இருக்கட்டும்" என்றார்.

நம் லயன் வீடுகளில் அப்படி நின்றுபோன பெண் குழந்தை எதுவும் மறுபடி பள்ளிக்கூடம் போனதில்லை. தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டோடு இருக்கும், கொஞ்சம் வளர்ந்ததும் பழம் பறிக்கப் போய்விடும். நமக்கும் கைக்குழந்தை இருந்தான். உங்கள் அக்கா வேறு, "பொட்டப்புள்ள ஊட்ல இருந்தா உனக்கு ஒத்தாசதான" என்று ஏற்கனவே ஆரம்பித்திருந்தார்.

வந்த வேகத்தில் செல்வியைப் பிடித்து உலுக்கினேன். "ரெண்டும் ஒண்ணும் எத்தனடி?"

"ஆறு."

அப்போதுதான் வேலை முடிந்து வந்த நீங்கள், ஓங்கிய கையைப் பிடித்துக்கொண்டீர்கள். எவ்வளவு உதறியும் விடவில்லை. அவளிடம் மெதுவாகக் கேட்டீர்கள்: "எப்படிக் கண்ணு ஆறு வந்துச்சு?"

அவள் உங்கள் பையில் கையை விட்டு மூன்று பழம் எடுத்தாள். ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தரையில் வைத்தாள். ஆறு கொட்டை.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "நல்லா சொல்லிக் குடுத்தீங்க போங்க!" என்று உங்கள் மேல் பாய்ந்தேன். "ஆமா புள்ள, நாள் பூரா கொட்டையப் பாக்கற ஆளு நானு. எனக்கும் அதுதான் கணக்கு" என்றீர்கள்.

மறுநாள் என்னோடு பள்ளிக்கூடம் வந்தீர்கள். மேஸ்திரி முன்னால்கூட வாய் திறக்காதவர், டீச்சரிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னீர்கள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உடாம சொல்லிக் குடுங்க. ஆனா கணக்கு முடியற வரைக்கும் பிதுக்க வேண்டாம். முழுப் பரீட்சை வரைக்கும் பாக்கறேன்" என்றார். பழக் காலம் முடிந்த பிறகு விறகு, கரண்டி, ஏற்காடு பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஆட்கள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ண வைத்தீர்கள். எனக்குத்தான் பொறுமை இல்லை. தூங்குகிற பிள்ளையைக்கூட எழுப்பிக் கேட்கலாமா என்று தோன்றும்.

பரீட்சை அன்று பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே நான் குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்தேன். நீங்கள் சுவரில் சாய்ந்து நின்றீர்கள். உள்ளே டீச்சர், "மூணும் ரெண்டும் எத்தன?" என்று கேட்பது காதில் விழுந்தது.

"பழமுங்களா, கொட்டைங்களா டீச்சர்?"

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தேன்.

"பழந்தான் சாமி."

"அஞ்சு." அதோடு அவள் நிறுத்தவில்லை. "கொட்டைன்னா பத்துங்க. ஒத்தக்கொட்ட ஒண்ணு வந்துச்சுன்னா ஒம்பதுங்க."

டீச்சர் சிரிக்கிற சத்தம் கேட்டது. செல்வி இரண்டாவதுக்குப் போனாள். அதற்கப்புறம் எந்த வகுப்பிலும் நிற்கவில்லை. இன்று சேலத்தில் ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள்.

நீங்கள் போன பிறகு எல்லோரும் என்னிடம் வந்து சொல்கிறார்கள். அழாதே என்கிறார்கள், சாப்பிடு என்கிறார்கள். செல்விகூட, "ஏம்மா இப்படி அலையறே, சித்த உக்காரு" என்கிறாள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், ஆனாலும் எரிச்சலாக வருகிறது. பேத்தி எதையாவது தப்பாகச் சொன்னால், "எப்படிக் கண்ணு வந்துச்சு?" என்று இப்போது நான்தான் கேட்கிறேன். அவள் சொல்லி முடிக்கும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கவும் பழகிவிட்டேன். என்னிடம் அப்படிக் கேட்டுவிட்டுக் காத்திருக்கத்தான் ஆள் இல்லை.