மலைக்கதவில் ஒரு பூ முடிச்சு

க்ளென் ஃபெர்னாக்
1989, மே பத்தாம் தேதி

மரியாதைக்குரிய ரோனா அம்மாவுக்கு,

1947இல் மார்ச் கடைசி வரை பனி விடாமல் கொட்டியது. என்னுடைய முந்நூறு ஆடுகளில் தொண்ணூறுதான் உயிரோடு கீழே வந்தன. உருளைக்கிழங்கையும் இனி அளந்துதான் கொடுப்பார்கள் என்று பேச்சு கிளம்பிய வருஷம் அது. நவம்பரில் இளவரசிக்குக் கல்யாணம். அதற்கு ஒரு மாதம் முன்பு, அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, உங்கள் தாயார் ஹானா கில்கிறைஸ்ட் இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத் தனியாக நடந்து வந்தார்.

நான் ஃபார்க்கர் மெக்ரே. எழுதுவது என் கையில்லை. ஒன்பது வயதில் ஆட்டுக்குப் பின்னால் போனவனுக்கு எழுத்து வரவில்லை. தபால் கொண்டுவரும் எஃபிதான் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன் என்று அவளிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன்.

அம்மா காலமான சேதி கேட்டு மனசு கனத்துப்போனது. நாற்பத்திரண்டு வருஷம், புத்தாண்டுக்குப் புத்தாண்டு, தவறாமல் எனக்குத் தேயிலையும் பழக்கேக்கும் அனுப்பினார். அவருடைய கைத்தடியை, அன்று தன்னைக் காப்பாற்றியவர் கையில் சேர்க்கச் சொல்லிவிட்டுப் போனார் என்றும், அதைக் கொடுக்க ஆகஸ்டில் இங்கே வருகிறீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தத் தடியை யாரிடம் கொடுப்பது என்று நீங்கள் முடிவுசெய்யும் முன் அன்று நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்று ஆடுகளை மலையிலிருந்து இறக்கும் நாள். விடியும் முன்பே நான் மலைப்பாதையில் உள்ள வேலிக்கதவைத் திறந்து, அது சாத்திக்கொள்ளாதபடி கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, என் நாய் ஃபிளாயோடு மேலே போனேன். அந்தக் கதவுக்காக எனக்கும் என் தங்கை பெய்கியின் கணவனுக்கும் இரண்டு வருஷமாகத் தகராறு. கதவு திறந்து கிடந்தால் என் கிடாக்கள் காலத்துக்கு முன்பே அவன் பெட்டைகளிடம் போய்விடும், குட்டிகள் பனியில் பிறந்து சாகும் என்பது அவன் வாதம். அவன் சொன்னதும் நியாயம்தான். அன்று எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

பதினொரு மணிக்கு உங்கள் அம்மா பெய்கி வீட்டில் ஒரு குவளை பால் குடித்திருக்கிறார். கணவாயைத் தாண்டி இருட்டுவதற்குள் அந்தப் பக்கத்துப் படகுத்துறைக்குப் போய்விடுவேன் என்றாராம். "மேகம் இறங்கிச்சுன்னா ஒரு அடிகூட மேல போகாதீங்கம்மா, வந்த வழியே திரும்பிடுங்க" என்று பெய்கி சொல்லி அனுப்பினாள். அவரும் சொன்னபடிதான் செய்தார். அதை மறந்துவிடாதீர்கள். உங்கள் அம்மா அன்று ஒரு தப்பும் செய்யவில்லை.

ஒன்றே ஒன்றைத் தவிர. அதையும் தப்பு என்று சொல்ல முடியாது. மலையில் நடக்க வரும் பட்டணத்துக்காரர்களுக்கு, கதவைச் சாத்திவிட்டுப் போக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப்போவது எங்கள் வழக்கம். அவர் கல்லை எடுத்துச் சுவர் ஓரமாக வைத்து, கதவைச் சாத்தி, கயிற்றைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

ஒரு மணிக்கு மேகம் இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. நான் சீட்டி அடித்து அடித்து, நாயை ஏவி, ஆடுகளைக் கதவுவரை கொண்டுவந்துவிட்டேன். கதவு சாத்தியிருந்தது. முன்னால் வந்தவை முட்டித் திரும்ப, பின்னால் வந்தவை மிரள, கண்மூடித் திறப்பதற்குள் தொண்ணூறும் மேகத்துக்குள் சிதறிப்போயின. ஒரு வருஷத்துப் பிழைப்பு அது.

கயிற்றை அவிழ்த்தேன். இந்த இடத்தில் எஃபி பேனாவை நிறுத்தி என்னைப் பார்க்கிறாள். எழுது என்கிறேன். அம்மா, அந்த முடிச்சு எங்கள் ஊர் முடிச்சே இல்லை. நாங்கள் வளையத்தைத் தூக்கிக் கம்பத்தில் மாட்டுவோம், அவ்வளவுதான். அதுவோ குழந்தைக்கு ஷூ நாடா கட்டுவதுபோல இரண்டு காது வைத்த பூ முடிச்சு. என் விரல் அதை அவிழ்த்தது. என் கண் அதைப் பார்த்தது. யாரோ வெளியூர் ஆள் மேலே போயிருக்கிறார், மேகம் அவரையும் மூடியிருக்கிறது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குச் சண்டைதான் வேண்டியிருந்தது. சீட்டியை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினேன். ஃபிளாய் மூன்று முறை நின்று மேலே திரும்பிப் பார்த்தது. மூன்று முறையும் அதட்டி இழுத்துக்கொண்டு போனேன்.

அவன் பட்டியில் கத்தரியைத் தீட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "என்ன மச்சான், ஆட்ட மேல விட்டுட்டு வாய மட்டும் ஓட்டிக்கிட்டு வந்திருக்கீங்க?" என்றான். நான் அவன் சட்டையைப் பிடித்தேன். கதவைத் தொடவே இல்லை என்று பைபிள்மேல் ஆணையிட்டான். "ஜெர்மன்காரன் அஞ்சு வருஷம் உன்ன கூண்டுல வச்சான்ல, அங்க கத்துக்கிட்ட பொய்யா மாப்ளே இது?" என்று கேட்டேன். யுத்தக் கைதியாக இருந்து கால் பலமெல்லாம் போய்த் திரும்பி வந்தவனிடம் கேட்கிற கேள்வியா அது? அவன் முகம் வெளுத்தது. ஆனால் கோபப்படாமல் ஒன்றுதான் கேட்டான்: "கயித்துல என்ன முடிச்சு இருந்துச்சு?"

"உன் முடிச்சுதான்" என்றேன்.

அந்தப் பொய்யோடு ஒரு மணி நேரம் கத்தினேன். பெய்கி பால் வாளியோடு வந்து, "என்னடா அண்ணா ஊரே கேக்குற மாதிரி கத்துற? அந்த கிளாஸ்கோ பொண்ணு திரும்பிட்டாளா? இந்த மேகத்துல எங்க நிக்கிறாளோ தெரியலையே" என்றபோதுதான் கத்துவதை நிறுத்தினேன். அவன் மறுபடியும் கேட்டான், மெதுவாக: "மச்சான், என்ன முடிச்சு?" சொன்னேன். கத்தரியைக் கீழே போட்டுவிட்டு அந்தக் காலோடு ஓடினான்.

நான் பாதையோடு கணவாய்ப் பக்கம் போனேன். அவன், "பாதையில இருந்தா இந்நேரம் வந்திருப்பா" என்று ஓடைப்பக்கம் போனான். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மேகத்துக்குள் அவன் இரண்டு விரலை வாயில் வைத்து அடிக்கும் சீட்டி எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. நின்று நின்று அடித்தான், பதில் வருமா என்று கேட்பதற்காக. பிறகு அது நின்றுபோனது. இதோ இப்போதுகூட அந்த அமைதி என் காதில் இருக்கிறது.

கரையிலிருந்து ஓடைக்குள் விழுந்து, இடுப்புவரை தண்ணீரில், கால் உடைந்து கிடந்திருக்கிறார் உங்கள் அம்மா. இரண்டரை மணி நேரம். தன் கோட்டில் அவரைச் சுற்றி, முதுகில் போட்டுக்கொண்டு ஒன்றரை மைல் சுமந்துவந்தான். வழியில் தூங்கவிடாமல், "கண்ண மூடாதம்மா, உன் ஊர்ல ட்ராமுக்கு எத்தன சக்கரம், எண்ணிச் சொல்லு பாப்போம்" என்று பேசிக்கொண்டே வந்தானாம். கதவு அருகே அவன் முழங்கால் மடங்கியது. அதற்குள் நினைவு தப்பியிருந்த அவரை அங்கே நான் வாங்கிக்கொண்டேன். கடைசிக் கால் மைல் மட்டும் என் முதுகு. பெய்கி வீட்டு அடுப்படியில் உங்கள் அம்மா கண் திறந்தபோது தெரிந்த முகம் என்னுடையது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் போட்ட முதல் கடிதத்தைப் பெய்கி எனக்குப் படித்துக்காட்டினாள். வந்த வழியே திரும்பும்போது கீழே ஒரு சீட்டிச் சத்தம் கேட்டதாம், அதை நம்பி நடந்தாராம், நடுவில் அது நின்றுபோக, கடைசியாகக் கேட்ட திசையை நோக்கிப் பாதையை விட்டு இறங்கினாராம். "உங்கள் சீட்டிதான் என்னைக் காப்பாற்றியது" என்று எழுதியிருந்தார். அவரைப் பள்ளத்தில் தள்ளியது என் சீட்டி. தூக்கியது அவனுடைய சீட்டி. இரண்டும் ஒருவனுடையது என்று கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார். பெய்கி கடிதத்தை மடித்து, "நீயே பதில் சொல்லு" என்று என் மடியில் போட்டாள். நான் சொல்லவில்லை.

பத்திரிகைக்காரர் வந்து என்னையும் ஃபிளாயையும் படம் பிடித்தபோது அவன் பின்னால் நின்றிருந்தான். "நீங்களும் போனீங்களாமே?" என்று அவர் கேட்டதற்கு, "முடிச்ச மொதல்ல பாத்தது மச்சான்தான், அவரையே கேளுங்க" என்றான். அவர் அதையும் பாராட்டு என்று எழுதிக்கொண்டார். அதன்பிறகு அவன் என்னோடு பேசவில்லை. எட்டு வருஷத்துக்கு முன் பெய்கியை அடக்கம் செய்தபோது பெட்டியின் தலைமாட்டுக் கயிறு அவன் கையில், கால்மாட்டுக் கயிறு என் கையில். குழிக்குள் அவளை இறக்கி முடிக்கும்வரை அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

நீங்கள் வாருங்கள். நல்லபடியாக வாருங்கள், ஆண்டவர் உங்கள் காலடியைக் காக்கட்டும். முதலில் என் வீட்டுக்கு வரவேண்டாம். ஓடைக்கு அந்தப் பக்கம் பச்சைக் கதவு போட்ட வீடு. அதன் புகையைத் தினமும் காலையில் பார்த்த பிறகுதான் நான் என் அடுப்பைப் பற்றவைக்கிறேன். தடியை அங்கே கொடுங்கள். முடிச்சைப் பற்றி ஃபார்க்கரே வாய்விட்டுச் சொன்னான் என்று அவனிடம் சொல்லுங்கள். அவன் ஏதாவது பதில் சொன்னால், திட்டினாலும் பரவாயில்லை, அதை வந்து என்னிடம் சொல்லுங்கள்.

அன்று உங்கள் அம்மா காலுக்குக் கட்டுப்போட்ட டாக்டர் போய்ச்சேர்ந்துவிட்டார். பத்திரிகைக்காரரும் போய்விட்டார். பெய்கி போனாள், இந்த வசந்தத்தில் உங்கள் அம்மாவும் போனார். பொய் சொன்ன என்னைத் தள்ளிவிட்டால், அந்த நாளில் இன்னும் மிஞ்சியிருப்பவன் ஒருவன்தான். அவன் பெயரை நாற்பத்திரண்டு வருஷமாக என் வாய் சொன்னதில்லை.

எழுது, எஃபி: டோர்க்வில் மாத்தீசன்.