வெல்லத்தில் கரையாத தூசு

ஆலகால நஞ்சைக் கண்டத்தோடு நிறுத்திக்கொண்ட ஒற்றியூர் ஈசன் திருவடி போற்றி.

என் அன்புத் தம்பி ஏழுமலைக்கு,

இறைவனுக்குக் கழுத்தோடு நின்ற நஞ்சு உனக்கு மட்டும் ஏனப்பா நெஞ்சுவரை இறங்கியது? நாள்தோறும் சந்நிதியில் பதிகம் பாடுகிறேன். பாடி முடித்ததும் இதைத்தான் அவரிடம் கேட்கிறேன்.

கடல் கடந்த ஏதோ ஒரு சுரங்கத்தில் வெட்டியெடுத்த ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார், துறைமுகத்தில் மூட்டை மூட்டையாய் இறங்கி, எண்ணூரிலுள்ள கூரைத்தகட்டு ஆலைக்கு வந்தது. அம்மூட்டைகளைக் கிழித்துக் கலவைத் தொட்டியில் கொட்டியவன் நீ. அதை வெட்டியவன் கதி என்னவாயிற்றோ? அவனுக்கும் ஓர் அக்காள் இருந்திருப்பாள்.

வேலை முடிந்ததும் ஆலை வாசலில் மேஸ்திரி ஆளுக்கொரு வெல்லக்கட்டி தருவார். தின்றால் தூசு வயிற்றில் இறங்கிவிடும் என்பார். வேதவாக்காய் நம்பினீர்கள். "இனிப்பு குடுத்து வைத்தியம் பாக்குற கம்பெனி வேற எங்க கீது, சொல்லு" என்று பெருமையடித்துக்கொண்டாய். முகமூடியைவிட வெல்லம் மலிவு என்பது முதலாளிக்குத் தெரிந்திருந்தது.

இருமல் கண்டதும் காசநோய் என்றார்கள். பீடியைத் தொடாத உன்னிடம் பீடியை விடச் சொன்னார்கள். வேலையை விட்டுப் பல்லாண்டு கழித்துத்தான், பெரிய மருத்துவமனையில் ஒரு மருத்துவர் உண்மையைச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத அந்நார்கள் ஊசிபோல் நுரையீரலில் தைத்துக் கிடக்கும், கரையா, வெளியேறா. நுரையீரல் தழும்பேறி இறுகி, விரிய மறுக்கும். படுத்தால் மூச்சில்லாமல், கடைசி மாதங்களில் உட்கார்ந்தபடியே உறங்கினாய்.

நீ போன பிறகு நடப்பதைக் கேள். உன் மனைவி கனகாவுக்கும் அதே இருமல். அவளும் ஆலையில் வேலை பார்த்தாளா என்று அதே மருத்துவர் கேட்டார்.

"நான் இன்னாத்துக்கு அங்க போறேன்? அவரு சொக்காவ ஒதறித் தொவச்சேன், அவ்ளோதான்" என்றாள்.

அவள் உதறிய தூசுதான் அவள் மூச்சிலும் புகுந்திருக்கிறதாம். மருத்துவச் செலவு கேட்டு ஆலைக்குப் போனோம். சம்பளப் பட்டியலில் இல்லாதவளுக்கு எங்களிடம் என்ன வேலை என்று அதிகாரி சிரித்தபடி கேட்டார். சிரித்தபடி, தம்பி.

வரும் திங்களன்று தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. அங்கே பேசுவதற்கு நல்ல தமிழில் நான் எழுதிக் கொடுத்ததை அவள் தள்ளிவிட்டாள். "உன் செந்தமிழு என் வாயில வராதுக்கா. நானே சொல்லிக்கிறேன். நடுவுல இருமுனா அதையும் கேக்கட்டும்."

ஆகவே உனக்கு வாக்களிக்கிறேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மூச்சு வாங்கினால் முதுகைத் தடவிக்கொடுப்பேன். எத்தனை நேரமானாலும், அவள் சொல்லி முடிக்கும்வரை நான் குறுக்கே பேசமாட்டேன். வேறெவரையும் பேசவிடவும் மாட்டேன்.

இதைப் படிக்கும் அன்பர்களே, உங்கள் வீட்டிலிருந்து உழைக்கப் போகிறவர்கள் தூசு சுமக்காமல் திரும்பி வரட்டும். உங்கள் இல்லத்தார் அனைவரும் தடையற்ற மூச்சோடு நீடு வாழ ஈசன் அருள்க.

உன் உடன்பிறந்த அக்காள்,
சிவகாமி