பின் அக்சிலில் ஒரு கிளிப்

தோகா

அன்புள்ள றொசானிக்கு,

நான் சுகம். நீயும் மகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். மகளின் இருமல் குறைந்ததா?

நம் காரின் பிறேக் பைப்பைப் பக்கத்து வளவு ஜசிந்தன் மாற்றித் தந்ததாகச் சொல்லி நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பைப்பைப் பின் அக்சிலோடு சேர்த்துக் கிளிப் போட்டு இறுக்கியிருக்கிறான். எங்கும் உரசாது, ஆடாது. ஒரு குறையாவது இருக்கும் என்று தேடினேன். இல்லை. அதுதான் எரிச்சல்.

நேற்று இங்கே கராஜில் எனக்கும் அதே வேலை. யோசனை எங்கோ போய், ஒரு கிளிப் போடாமலே வாகனத்தை ஜாக்கிலிருந்து இறக்கப் பார்த்தேன். கூட வேலை செய்யும், களுதாவளை ஊர்க்காரரான வினாயகமூர்த்தி அண்ணன் கண்டுவிட்டார். "என்ன தம்பி, ஊட்டுக்காரியோட சண்டையா?" என்று சிரித்தார். பயப்படாதே, ஒன்றும் ஆகவில்லை.

இனிக் கார் பழுதானால் முதலில் எனக்குப் போன் எடு. நான் சொல்லச் சொல்ல நீயே இறுக்கலாம். ஊரிலிருந்து யாராவது வந்தால் கொஞ்சம் கருவாடு கொடுத்துவிடு.

எங்களை வேலைக்கு ஏற்றிப் போகும் கராஜ் வான் வாசலுக்கு வந்துவிட்டது. இன்னுமொன்று. படத்தில் கார்ச் சில்லுக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பை ஒன்று இருக்கிறது. அது என்னுடைய நீலக் கோப்பை. வீட்டில் வேறு கோப்பையே இல்லையா?

உன்
மேர்வின்