விரல்களுக்குத் தெரிந்த முகம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று உறையைப் பார்த்ததுமே சிரித்திருப்பாய். சிரி. ஆனால் சிரித்து முடித்ததும் முழுவதையும் படி, பாதியில் மடித்து வைத்துவிடாதே. போனில் சொல்லலாம்தான். மாடியில் நின்று நான் பேசினால் கீழே சலூனில் இருக்கும் உன் அப்பாவுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டுவிடும். அதோடு, போனில் சொன்னால் நீ நடுவில் குறுக்கிடுவாய், எனக்குக் கோபம் வரும், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும்.

நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். "அப்பாவுக்கு என் மூஞ்சில முழிக்கவே பிடிக்கல, நான் எதுக்கு வரணும், டிக்கெட்ட கேன்சல் பண்ணிடுறேன்" என்று எழுதியிருந்தாய். என் கடிதம் வரும்வரை டிக்கெட்டில் கை வைக்காதே என்று பதில் போட்டேனே, அதை இப்போதும் சொல்கிறேன். படித்து முடித்துவிட்டு நீயே முடிவு செய்.

முதலில் வீட்டுச் சேதி. குளியலறைக் குழாயைச் சரிசெய்தாகிவிட்டது, இனி ராத்திரியெல்லாம் சொட்டுச் சத்தம் இல்லை. கடைக்கு ஏறி இறங்கும் புது நாற்காலி வந்திருக்கிறது. பழையதைத் தூக்கிப்போட மனம் வராமல் அப்பா அதை மாடிக்குக் கொண்டுவந்து என் தையல் மேசைக்கு முன்னால் போட்டுவிட்டார். அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். யாராவது பின்னால் வந்து கழுத்தில் துண்டைச் சுற்றிவிடுவார்களோ என்றிருக்கிறது. இங்கே எல்லாரும் சுகம். உன் அப்பாவைப் பற்றி மட்டும் அப்படி ஒரு வார்த்தையில் சொல்லிவிட முடியாது.

அன்றைக்கு நீ வீடியோவில் கூப்பிட்டாய். முடியை வெட்டிக்கொண்டதை அப்பாவுக்குக் காட்டி அசத்த வேண்டும் என்று பேசாமல் சிரித்துக்கொண்டிருந்தாய். நானும் உனக்குக் கூட்டாளியாக வாயைத் திறக்காமல் போனை அவர் கையில் கொடுத்தேன். அவர் பார்த்தார். "யாரோ உனக்குப் பேசுறாங்க" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆள் இல்லாத நாற்காலியைத் துடைக்கப் போய்விட்டார். உன் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். பிறந்ததிலிருந்து அவர் ஒருவர் மட்டுமே தொட்ட தலை. அதில் வேறு யாரோ கத்தரி வைத்துவிட்டார்கள் என்று கோபம், கடையை விட்டுவிட்டு நீ வெளிநாடு போன கோபமும் இன்னும் ஆறவில்லை, இப்படித்தான் நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்று சாயங்காலம் அவரைப் பிடித்து, "பெத்த பொண்ணு மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை பேச உங்களுக்கு அப்படி என்ன கேடு?" என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்குக் கோபம் எதுவும் இல்லையடி. அவருக்கு உன்னைத் தெரியவில்லை.

மழைக்காலத்தில் மூளையில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாரே, அதற்குப் பிறகு கை கால் நன்றாக இருக்கிறது, பேச்சு குழறவில்லை, கத்தரி பிடிக்கிறார், பேப்பர் படிக்கிறார். நீ வர வேண்டாம் என்று நாங்கள் தடுத்ததும் அந்தத் தைரியத்தில்தான். முகங்கள் மட்டும் போய்விட்டிருக்கின்றன. கண் தெரியாமல் இல்லை. மூக்கு தெரிகிறது, மீசை தெரிகிறது, சிரிப்பதும் முறைப்பதும் தெரிகிறது. எல்லாம் சேர்ந்து இது இன்னார் என்று ஆவதில்லை. கண்ணாடியில் தன்னுடைய முகத்தையே சட்டையை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறாராம்.

அதை எங்களுக்குத் தெரியாமல் எப்படி ஓட்டினார் என்கிறாய்? அவருடைய தொழில் அப்படி. கடையில் அவர் முகத்தைப் பார்த்தா வேலை செய்கிறார்? ஆள் உள்ளே வந்ததும் "உக்காருங்க" என்பார். பின்னால் போய் நிற்பார். பிடரி, காது மடல், சுழி, முடி எங்கே அடர்த்தி, எங்கே விட்டுப்போயிருக்கிறது, இதெல்லாம் பார்த்ததும் பெயரும் குடும்பமும் வந்துவிடும். "என்ன சார், பையனுக்கு வேலை கிடைச்சுதா?" என்று அப்புறம்தான் விசாரிப்பார். முன்பெல்லாம் வாசலிலேயே விசாரிப்பவர் இப்போது உட்கார்ந்த பிறகு விசாரிக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். நான் கவனிக்கவே இல்லை.

ஒருமுறை மட்டும் மாட்டிக்கொண்டார். அந்த பேங்க் மேனேஜர் இருக்கிறாரே, வழுக்கையை மறைக்க ஒரு பக்க முடியை வளர்த்து மறுபக்கம் படிய வைப்பவர். அவர் வந்து உட்கார்ந்தார். அப்பா பின்னால் நின்று தலையைப் பார்த்துவிட்டு, "சார் ஊருக்குப் புதுசா?" என்று கேட்டார். மேனேஜரின் முகம் வெளிறிப்போய்விட்டது. "அண்ணே, குத்திக் காட்டாதீங்க. நீங்க ஆஸ்பத்திரில இருந்தப்ப ஒரே ஒரு தடவை எதுத்த தெரு கடைக்குப் போயிட்டேன்" என்று கெஞ்ச ஆரம்பித்துவிட்டார். அந்தக் கடைக்காரன் மொத்த முடியையும் ஒட்ட வெட்டியிருக்கிறான், தலையே மாறிப்போயிருக்கிறது. அப்பா எப்படியோ சிரித்துச் சமாளித்தார். துண்டு மடித்துக்கொண்டிருந்த நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அது கேலி இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

எனக்குத் தெரிந்தது கடைத்தெருவில். சாமான் வாங்கப் போன இடத்தில் அவரும் வந்திருந்தார். நான் புதுக் கண்ணாடி போட்டிருந்தேன், மழைக்குத் தலையைச் சுற்றிச் சால்வை. எதிரே போய் நின்று, என்ன சொல்வார் பார்ப்போம் என்று சிரித்தேன். அவர் ஒதுங்கி நின்று, "கொஞ்சம் வழி விடுறீங்களாம்மா" என்றார். அத்தனை மரியாதையாக என்னிடம் அவர் கல்யாணமான நாளிலிருந்து பேசியதில்லை. நான் "என்னங்க" என்றதும் என் குரல் கேட்டு அவர் கையிலிருந்த பை நழுவியது. அங்கேயே, முட்டைக்காரர் கடைக்குப் பக்கத்தில், எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். விழுந்த பையை எடுத்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

அதற்குப் பிறகு மூளை மருத்துவரிடம் போனோம். அவர் எங்களைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண்ணிடம் அனுப்பினார். உன் வயதுதான் இருக்கும், சாப்பிட நேரமில்லாமல் ஓடுகிறவள், எனக்குப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. வலது காதுக்குப் பின்னால், மூளையின் அடிப்பக்கம், கட்டைவிரல் நுனி அளவுக்கு ஓர் இடம் இருக்கிறதாம். ஆட்களை ஸ்கேன் இயந்திரத்தில் படுக்க வைத்துப் படங்கள் காட்டினால், நாற்காலிக்கும் வீட்டுக்கும் சும்மா இருக்கும் அந்த இடம், முகத்தைக் காட்டியதும் சுறுசுறுப்பாகிறதாம். அப்பாவுக்கு அடைப்பு வந்தது அங்கேதான்.

அந்த இடம் முகத்துக்கென்றே இருப்பதா, இல்லை ஆண்டுக்கணக்காகப் பார்த்துப் பார்த்துப் பழகிய எதற்கும் அதுதான் வேலை செய்கிறதா என்று விஞ்ஞானிகளுக்குள் பெரிய சண்டையாம். அதனால்தான் அவளுக்கு அப்பாவைக் கண்டதும் அத்தனை சந்தோஷம். ஊர்த் தலையெல்லாம் பார்த்துப் பழகியவர், முகம் போன பிறகும் பிடரியை வைத்து ஆள் சொல்கிறார். அப்படியானால் பிடரிக்கு வேறு இடமா? அவள் கேட்டுக்கொண்டே போனாள். மண்டைக்குள் இருப்பதற்கும் கட்சி கட்டி அடித்துக்கொள்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. இதைச் சரிசெய்ய மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். இப்போதைக்கு இல்லை என்று மறைக்காமல் சொன்னாள்.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் இன்னொரு சோதனை. அப்பாவின் இரண்டு விரல்களில் ஒயர் ஒட்டினார்கள். மனம் அசையும்போது தோலில் நமக்கே தெரியாமல் லேசாக வேர்க்குமாம், அதை அந்த ஒயர் கண்டுபிடித்துத் திரையில் கோடாகக் காட்டும். முன்பின் தெரியாதவர்களின் படங்களுக்கு நடுவே என் படம், உன் படம், உன் சித்தப்பா படம் எல்லாம் கலந்து வைத்தார்கள். முடி தெரியாமல் முகத்தை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள், அதனால் அவருடைய கைவரிசை எதுவும் அங்கே செல்லாது. ஒவ்வொன்றுக்கும் "தெரியல, தெரியல" என்றே சொல்லிக்கொண்டு வந்தார். உன் படம் வந்தது. "தெரியல. ஏதோ ஆபீஸ்ல வேலை பாக்குற பொண்ணு மாதிரி இருக்கு" என்றார்.

வாய் அப்படிச் சொல்லும்போதே கோடு மேலே எழுந்தது. நான் பின்னால் உட்கார்ந்து என் கண்ணால் பார்த்தேன். வரிசையை மாற்றினார்கள், உன் வேறு படங்களைப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் வாய் இல்லை என்றது, விரல் ஆமாம் என்றது. என் படத்துக்கும் எழுந்தது, பொய் சொல்ல மாட்டேன், ஆனால் உனக்கு எழுந்த அளவு இல்லை. இத்தனை வருஷம் வடித்துக்கொட்டியவளுக்கு மேடு, வெளிநாட்டுக்கு ஓடிப்போனவளுக்கு மலை. அதை அவரிடம் இன்னும் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

முகத்தை அடையாளம் காணும் வழி அறுந்துபோனாலும், வேறு ஒரு வழியாக அது உள்ளே போய்ச் சேர்கிறதாம். போய்ச் சேர்ந்தது அவருக்கே தெரிவதில்லையாம். எல்லாருக்கும் இப்படி இருப்பதில்லை, இந்தக் கோடு பாசத்தை அளக்கும் கருவியும் இல்லை, பழகிய முகம் என்பதற்கு மேல் அதில் எதையும் படிக்கக் கூடாது என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் படித்தவள், அளந்துதான் பேச வேண்டும். நான் உன் அம்மா, எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

உன் படத்துக்கு எழுந்த கோடு இது என்று சொல்லித் திரையை அப்பாவுக்கும் காட்டினாள். அவர் கோட்டைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார். "அந்தப் படத்த இன்னொரு தடவ போடுங்கம்மா" என்றார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதும் தெரியவில்லை. கண் நிறைந்துவிட்டது.

பஸ்ஸில் வரும்போது, உன் பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்லும்படி என்னிடம் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. அதற்கு அவர், "விரலுக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? அவ வாசல்ல வந்து நின்னா வாய்தான் முதல்ல பேசும். அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்த புள்ளைய யாரு வேணும்னு கேட்டுட்டா? அதுக்கு நான் கோவக்காரனாவே இருந்துட்டுப் போறேன்" என்றார். நான் கத்தியபோது அவர் வாயைத் திறக்காததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. உனக்கு எதையும் சொல்லக் கூடாது என்று சத்தியம் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆகவே சத்தியத்தை மீறியதாக யாரும் என்னைச் சொல்ல முடியாது.

வா, தங்கம். வரும்போது அன்றைக்குப் போல வாசலில் நின்று சும்மா சிரிக்காதே. தெருமுனையிலிருந்தே "அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டு வா, உன் குரல் அவருக்கு அப்படியே இருக்கிறது. கடையின் இரைச்சலில் அது கேட்காமல், யாரம்மா நீங்கள் என்று அவர் கேட்டுவிட்டால், எனக்காக அந்த ஒரு நிமிஷம் அழாமல் இரு. உங்கள் மகள் என்று சொல்லு. மறுநாள் காலையில் மறுபடி சொல்ல வேண்டியிருக்கும். அதற்கும் அடுத்த நாள் சொல்ல வேண்டியிருக்கும். சலித்துக்கொள்ளாமல் சொல்லு. அவர் உன்னைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள். நல்லபடியாக வந்து சேர்.

உன் அம்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அப்பா மேலே வந்துவிட்டார். துண்டுக்கு அடியில் ஒளித்தேன், பார்த்துவிட்டார். யாருக்கு எழுதுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. திட்டப்போகிறார் என்று இருந்தேன். அவரோ, "அவ முடிய வெட்டிருக்கான்னு சொன்னியே, எப்படி வெட்டிருக்கான்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு. பின்பக்கமா எடுக்கணும். ரெண்டு காதும் தெரியணும்" என்றார். எதற்கு என்று கேட்டேன். "அவ வர்றதுக்குள்ள நல்லாப் பாத்து வெச்சுக்கணும்ல" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார். நல்ல வெளிச்சத்தில் நின்று எடுத்து இன்றைக்கே அனுப்பிவிடு, கண்ணு. நீ வரும்வரை முடியை மட்டும் மறுபடி வெட்டிக்கொள்ளாதே.