குழாயை மூடிவிட்டு வா

அக்கா,

மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்து நாட்டு மருந்துக் கடையில் சித்தரத்தை வாங்கி வந்தேன். பொட்டலத்தைப் பிரித்ததும் அந்தக் காட்டமான வாசனையோடு நீ வந்து நின்றாய். உன் பள்ளிச் சீருடைப் பையில் எப்போதும் அதில் ஒரு துண்டு கிடக்கும். உனக்குத் தொண்டைக் கோளாறு என்று வீடே நம்பியது. இப்போது என் மகள் யாழினி செருமுகிறாள், அதே "ஹ்ம்". நானும் அம்மாவைப் போலவே சித்தரத்தைக்கு ஓடியிருக்கிறேன். நூலைப் போல சேலை.

செருமல் மட்டும் என்றால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கிறாள், வலது தோள் வெடுக் வெடுக்கென்று எழும்புகிறது. வலிப்போ என்று அடையாறில் குழந்தைகளுக்கான நரம்பு மருத்துவரிடம் கூட்டிப்போனேன். ஃபோனில் எடுத்த வீடியோவைப் பார்த்தார். வலிப்பு இல்லை, 'டிக்' என்றார். வேண்டுமென்று செய்வதில்லையாம். கூடும், குறையும், நிறைய குழந்தைகளுக்கு வளர வளர அடங்கிவிடுமாம். நிறுத்து என்று சொல்லாதீர்கள், வகுப்பு டீச்சரிடம் எடுத்துச் சொல்லுங்கள், ரொம்பத் தொந்தரவானால் அதற்குப் பயிற்சி இருக்கிறது என்றார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று அவர் கேட்டபோது, உன்னைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன், பக்கத்திலிருந்த யாழினிக்கும் கேட்டிருக்கும்.

மேற்கு மாம்பலம் வீட்டில், பள்ளிவிட்டு வந்ததும் நீ நேராகக் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வாய். குழாயை முழுசாகத் திறந்துவிடுவாய். லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டியை நிரப்பிய காலம் அது. அப்பா கதவைத் தட்டித் தண்ணீருக்காகக் கத்துவார். குழாய் எதற்கு என்று ஒருவரும் கேட்டதில்லை. கல்லூரிக்குப் போன பிறகுதான் என்னிடம் சொன்னாய். பகலெல்லாம் அடக்கியதை அங்கே மொத்தமாக விடுவாயாம், சத்தம் வெளியே கேட்காமல் இருக்கத்தான் தண்ணீராம். "ஒரு தும்மல அடக்கிப் பாருடி, அப்பத் தெரியும்" என்றாய்.

உனக்கு அது முழுசாகப் போகவே இல்லை. கோடம்பாக்கத்தில் டப்பிங் பேசும்போதும், டேக் முடிந்ததும் வராந்தாவுக்கு ஓடி விட்டுவிட்டு வருவாய். உன் கடைசி நாட்களில், ஆஸ்பத்திரிப் படுக்கையில்கூட, நர்ஸ் உள்ளே வரும்போதெல்லாம் பல்லைக் கடித்து அடக்கினாய்.

நேற்று சாயங்காலம் யாழினி பள்ளியிலிருந்து வந்தாள். பையைப் போட்டாள். குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. குழாய் திறந்தது.

அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அக்கா. கதவில் காதை வைத்தேன். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் ஹ்ம், ஹ்ம். தட்டினேன். குழாய் நின்றது, செருமலும் நின்றது.

"தண்ணி வேஸ்ட் பண்ணலம்மா" என்றாள் உள்ளிருந்து, அழுகிற குரலில்.

"தண்ணி கெடக்கட்டும். குழாய மூடிட்டு ஹாலுக்கு வா. இங்கயே பண்ணிக்கோ."

"நீ பாப்பியே."

"எனக்கு பீன்ஸ் நறுக்கணும். நான் எங்க பாக்கப்போறேன்."

வந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு செருமல், தோள், சிமிட்டல் எல்லாம் ஒன்றாக வந்தன, நான் நினைத்ததைவிட அதிகமாக. நிற்காதோ என்று பயந்தேன். தலையை நிமிர்த்தவில்லை. பலகையில் கிடந்த கோணல்மாணல் துண்டுகளைப் பார்த்திருந்தால் என் பயம் உனக்குத் தெரிந்திருக்கும்.

அடங்கியதும், பெரியம்மாவுக்கு இது போய்விட்டதா என்று கேட்டாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. போகவில்லை என்றேன். வீட்டில் பெரியம்மா எங்கே செய்வார் என்று கேட்டாள். பாத்ரூமில், கதவைச் சாத்திக்கொண்டு என்றேன்.

"பாவம், தனியாவா?" என்றாள். என்னை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்து பீன்ஸுக்கு நார் எடுக்க ஆரம்பித்தாள்.

சித்தரத்தையை அவளுக்குத் தரப்போவதில்லை. உன் வாசனைக்காக அலமாரியில் வைத்திருக்கிறேன். பயம் மட்டும் போகவில்லை. அவள் வரும் நேரம் ஆகிவிட்டது, அக்கா. வந்ததும் குழாய்ச் சத்தம் கேட்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.